இறப்புச் செய்தியை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்

கேள்வி: நான் இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரக் காவல் நிலையம் ஒன்றில் உதவி ஆய்வாளர். பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகவில்லை. சென்ற மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த விபத்தில் இருசக்கர வாகனத்தில் வந்த இளைஞர் ஒருவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். அவருடைய தாயாரை அழைத்து வர மூத்த ஏட்டு ஒருவரோடு என்னை அனுப்பினார்கள். ஏட்டையா அந்த அம்மாவிடம், "சின்ன ஆக்சிடென்ட்தான், பெரியாஸ்பத்திரியில சேர்த்திருக்கு, வாங்க" என்றார். அவர் பக்கத்து வீட்டில் கைமாற்றாகப் பணம் வாங்கிக்கொண்டு, மகனுக்கு மாற்றுக் கைலியும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். பாதி வழியில் உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தபோது உண்மை தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியும்தானே, தாயி?" என்று கேட்டார். நிலையத்தில் உள்ளவர்கள், "இதுதான் வழக்கம், நேராகச் சொன்னால் மயங்கி விழுவார்கள், நம்மீது பாய்வார்கள்" என்கிறார்கள். இது சரிதானா? எப்படித்தான் சொல்வது? கடலுக்குப் போய்த் திரும்பாதவர் வீட்டில் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சரியல்ல. இறந்துவிட்ட ஒருவர் உயிரோடு இருப்பதாகச் சொல்லி அவருடைய தாயை வண்டியில் ஏற்றுவது, எத்தனை ஆண்டு வழக்கமாக இருந்தாலும், எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், சரியல்ல. செய்தியை அவர்களுடைய வீட்டிலேயே, காவல் துறையினராகிய நாமே, இறந்துவிட்டார் என்று வெளிப்படையாகச் சொல்லித் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கடற்கரையில் ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு உறுதியாகப் படுவது.

உங்கள் ஏட்டு இரக்கமற்றவர் அல்லர். வழியில் அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, மருத்துவர் சொல்லிக்கொள்ளட்டும், சொந்தக்காரர்கள் கூடிய பிறகு தெரியட்டும் என்ற யோசனையில்தான் அப்படிப் பேசியிருப்பார். ஆனால் இந்த ஏற்பாட்டில் சுமை குறைவது நமக்கே தவிர அவர்களுக்கு அல்ல. அந்தத் தாய் கைமாற்று வாங்கியிருக்கிறார். போகிற வழியெல்லாம் ஏதேனும் ஒரு சாமிக்கு நேர்ந்துகொண்டிருப்பார். நாம் கொடுத்த நம்பிக்கையை நம் வண்டியிலேயே வைத்துப் பறித்திருக்கிறோம். அதோடு, அன்று மாலையே அதே குடும்பத்தாரிடம் நாம் மறுபடியும் போய் நிற்க வேண்டியிருக்கிறது. விபத்து மரணமானாலும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி பஞ்சாயத்தாரை, அதாவது அக்கம்பக்கத்து மதிப்புக்குரியவர்களை, வைத்துப் பிரேத விசாரணை செய்து, அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் அனுப்பியாக வேண்டும். அதற்கு உறவினர்களின் வாக்குமூலமும் ஒத்துழைப்பும் வேண்டும். முதல் வார்த்தையிலேயே பொய் சொன்னவர் நீட்டும் தாளில் எந்த நம்பிக்கையோடு அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள்? "எதையோ மறைக்கிறார்கள்" என்று பிணவறை வாசலில் எழுகிற கூச்சலும், உடலை வாங்க மறுத்து நடக்கிற மறியலும் சில நேரங்களில் இந்த முதல் பொய்யிலிருந்துதான் தொடங்குகின்றன.

இன்னொரு காரணம் நம் காலத்துக்கே உரியது. விபத்து நடந்த இடத்தில் நீங்கள் கயிறு கட்டி முடிப்பதற்குள் யாரோ ஒருவர் எடுத்த படம் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்கிருந்து வளைகுடாவில் இருக்கும் அண்ணனுக்கும், அவரிடமிருந்து திரும்ப வீட்டுக்கும் வந்துவிடுகிறது. எனவே உண்மையைச் சிறிது நேரம் தள்ளிப்போடும் வசதி நம்மிடம் இல்லவே இல்லை. முதலில் சொல்பவர் நாமா, மங்கலான ஒரு படமா என்பதுதான் கேள்வி. எழுத்து வேலை முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்காமல், ஆள் யார் என்பது உறுதியான உடனே கிளம்புங்கள். உங்கள் நிலையக் காவலர் எவரும் உடலைப் படமெடுத்துத் தம் நண்பர்களுக்கு அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஆள் யார் என்பதை உறுதி செய்வதில் மட்டும் அவசரப்படாதீர்கள். வண்டிப் பதிவுச் சான்றில் இருக்கும் பெயர், வண்டியை இரவல் கொடுத்தவருடைய பெயராக இருக்கலாம். சட்டைப்பையில் இருக்கும் கைபேசி நண்பனுடையதாக இருக்கலாம். நம் கடலோர ஊர்களில் முனியசாமியும் அந்தோணியும் சாகுல் ஹமீதும் ஒரே தெருவில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஆதார் அட்டையில் உள்ள முகம், தந்தை பெயர், வீட்டுப் பட்டப்பெயர் ஆகியவற்றைச் சரிபார்த்து, முடிந்தால் குடும்பத்துக்கு வெளியே உள்ள, வாய் காக்கக்கூடிய ஒருவரைக் கொண்டு அடையாளம் பார்த்த பிறகே வீட்டு வாசலை மிதியுங்கள். கைபேசியில் "அம்மா" என்று பதிந்திருக்கும் எண்ணை அழைத்து, "இந்த போன்காரர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்தக் கேள்வியிலேயே அந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரிந்துவிடும். அடுப்படியில் தனியாக நின்றபடி அதை அவர் கேட்க வேண்டியதாகிவிடும்.

வீட்டுக்கு இருவராகப் போங்கள். ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. ஒருவர் பேச வேண்டும். மற்றவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், முதியவர் தடுமாறுகிறாரா, குழந்தைகள் எங்கே என்று கவனிக்க வேண்டும். மீனவர் குப்பத்துக்குள் ஜீப் நுழைந்தாலே பிள்ளைகள் முன்னால் ஓடுவார்கள், பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஆகவே வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, லத்தியை வண்டியிலேயே வைத்துவிட்டு நடந்து போங்கள். தெருவில் நின்று எதையும் சொல்லாதீர்கள். உள்ளே போக அனுமதி கேளுங்கள். அவர்களை உட்கார வைத்து, நீங்களும் உட்காருங்கள், பாயோ தரையோ எதுவானாலும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் பகுதியில் காவலர் பெரும்பாலும் ஊர்த் தலைவரையோ ஜமாஅத் நிர்வாகியையோ பங்குத் தந்தையையோ மீனவர் சங்கத் தலைவரையோ ஓரமாக அழைத்துச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பிறகு ஆண்கள் கூடிப் பேசி, எப்போது வீட்டுக்குள் சொல்வது என்று முடிவெடுப்பார்கள். ஊர் முழுவதும் தெரிந்து, தெருமுனையில் பந்தலுக்கு ஆள் சொல்லியாகிவிடும்; மனைவி மட்டும் உள்ளே மத்தியான மீனைக் கழுவிக்கொண்டிருப்பார். ஊர்ப் பெரியவர்கள் உடன் வருவது பெரிய துணை. அதை நான் மறுக்கவில்லை. தங்கச்சிமடத்தில் பாதிரியாரும், கீழக்கரையில் பள்ளிவாசல் பெரியவரும் அருகில் இருந்தால் அடுத்த சில மணி நேரத்தைக் குடும்பம் தாங்கிக்கொள்ள அது உதவும். அவர்களை அழைத்துச் செல்லுங்கள். ஆனால் செய்தியைச் சொல்லும் பொறுப்பை அவர்கள் தலையில் வைக்காதீர்கள். இறந்தவருடைய மனைவிக்கு அல்லது தாய்க்கு, அவர் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். ஊரில் எல்லோருக்கும் பிறகு அவருக்குத் தெரிவது அவருக்கு நேரும் இரண்டாவது அநீதி.

சொல்ல வேண்டியது நான்கு வாக்கியம்தான். முதலில் நீங்கள் யார் என்பது. பிறகு, வருவது துக்கச் செய்தி என்று மனத்தைத் தயார்ப்படுத்தும் ஒரு வாக்கியம். மருத்துவர்களுக்கும் கெட்ட செய்தியைச் சொல்லும் முறையில் இதைத்தான் கற்றுத் தருகிறார்கள். மூன்றாவது, செய்தி. நான்காவது, எங்கே இருக்கிறார் என்பது. "அம்மா, நான் ஸ்டேஷன்லேர்ந்து வர்றேன், எஸ்.ஐ. உங்ககிட்ட ரொம்ப துக்கமான ஒரு செய்தி சொல்லணும்மா. இன்னைக்குக் காலையில நடந்த ஆக்சிடென்ட்ல உங்க மகன் இறந்துட்டாரு. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம்." மகனுடைய பெயரைச் சொல்லுங்கள், பிரேதம், பாடி என்ற சொற்கள் நிலையத்தோடு இருக்கட்டும். "சீரியஸ்", "ஒண்ணும் சொல்ல முடியாது" என்பவை கூடவே கூடாது. கடற்கரையில் "தவறிட்டாரு" என்று சொன்னால்கூட, படகிலிருந்து தவறி விழுந்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு.

சொன்ன பிறகு பேசாதீர்கள். இதுதான் மிகக் கடினம். அந்த மௌனத்தை ஏதாவது சொல்லி நிரப்பிவிட மனம் துடிக்கும். "விதி", "ஆண்டவன் கூப்பிட்டுக்கிட்டான்", "அழாதீங்க", "உங்களுக்கு இன்னொரு பையன் இருக்கான்ல" என்பவை எல்லாம் நம் தவிப்பைத் தணிக்க நாம் சொல்லிக்கொள்பவை. அவர் தலையில் அடித்துக்கொள்ளலாம், ஒப்பாரி வைக்கலாம், உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். அதை நம்மீதான தாக்குதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலர் ஒன்றுமே பேசாமல் எழுந்து போய்ப் பாதியில் விட்ட வேலையைத் தொடர்வார்கள். அதைக் கண்டு செய்தி புரியவில்லை என்றோ, பாசமில்லை என்றோ, அதைவிட மோசமாகச் சந்தேகத்துக்குரியவர் என்றோ முடிவுகட்டிவிடாதீர்கள். மயங்கி விழுபவர்கள் உண்டு. அவர்களைப் படுக்க வைத்து, கூட்டத்தை விலக்கிக் காற்று விடுங்கள். நெஞ்சு வலிப்பதாகச் சொன்னால் 108-ஐ அழையுங்கள். ஓடும் வண்டியில் மயங்கி விழுவதைவிட, சொந்த வீட்டில் உறவுக்காரப் பெண்கள் சூழ விழுவது பாதுகாப்பானது.

அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "வலியில துடிச்சானா?" என்று கட்டாயம் கேட்பார்கள். தெரியாவிட்டால், "நாங்க வரும்போது உயிர் இல்லம்மா, டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, கேட்டு வந்து சொல்லுங்கள். குடித்திருந்தாரா, ஹெல்மெட் போட்டிருந்தாரா, வீட்டில் சண்டையா என்ற விசாரணைக் கேள்விகளை அந்தப் பாயில் உட்கார்ந்து கேட்காதீர்கள். இழப்பீட்டுப் பேச்சும் அன்று வேண்டாம். நெருங்கிய உறவினர் ஒருவர் வந்து சேரும்வரை கிளம்பாதீர்கள். வீட்டில் அவர் தனியாக இருந்தால், யார் வந்தால் நல்லது என்று அவரையே கேட்டு அந்த நபரை நீங்களே அழையுங்கள்.

சொன்ன எதுவும் அவர்கள் நினைவில் நிற்காது. எனவே ஒரு தாளில் உங்கள் பெயர், உங்கள் கைபேசி எண், எந்த மருத்துவமனை, குற்ற எண், யார் என்னென்ன அடையாள அட்டையோடு வர வேண்டும், அரசின் இலவச அமரர் ஊர்தி எண் 155377 ஆகியவற்றைத் தெளிவான தமிழில் எழுதி, வீட்டில் நிதானமாக இருக்கும் ஒருவர் கையில் கொடுங்கள். பிரேதப் பரிசோதனை எப்போது முடியும் என்பதுதான் எல்லோரும் கேட்பது. அதிலும், தாமதமின்றி அடக்கம் செய்ய வேண்டிய முஸ்லிம் குடும்பங்களுக்கு அது பெரும் தவிப்பு. போதிய வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேக மரணம் போன்றவற்றுக்கு, சட்டம் ஒழுங்கு நெருக்கடி இருந்தாலன்றி, அந்தத் தளர்வு பொருந்தாது. மருத்துவமனையில் கேட்டு உறுதி செய்யாமல் நேரம் எதையும் சொல்லிவிடாதீர்கள்.

உடலைப் பார்க்க அழைத்துப் போகும்போது, என்ன பார்க்கப் போகிறார்கள் என்பதை முன்னதாகவே சொல்லுங்கள். முகத்தில் காயம் இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். பார்க்க வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், பார்த்தே தீருவேன் என்பவரைத் தடுக்காதீர்கள். அரைஞாண், மோதிரம், கைபேசி, பர்ஸ் ஆகியவற்றைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணிக் காட்டிக் கொடுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி மேசையில் தள்ளி விடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையை வாங்கியவர்களின் முகமும் எனக்கு மறக்கவில்லை.

வெளியூரில் இறந்தவர் என்றால், அந்த ஊர்க் காவலர் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லாமல், வீடு இருக்கும் எல்லைக் காவல் நிலையத்துக்குச் சொல்லி ஆள் அனுப்பச் செய்வதே முறை. இராமேசுவரத்துக்கு வந்து அக்னி தீர்த்தத்தில் நீராடும்போது இறந்துபோகும் வடநாட்டு யாத்திரிகர்களின் வீட்டாருக்கும் இதே மரியாதை உரியது. அவர்கள் ஊர்க் காவல் நிலையத்தைப் பிடிப்பது சிரமம்தான், ஆனாலும் முயல வேண்டும். வளைகுடா நாடுகளில் நேரும் மரணங்களில் செய்தி பெரும்பாலும் அறைத்தோழர் மூலம் முன்பே வந்திருக்கும். அங்கே நம் வேலை, இந்தியத் தூதரகம் கேட்கும் சம்மதக் கடிதம் முதலியவற்றை அலைச்சலின்றி வாங்கி அனுப்ப உதவுவதுதான்.

அந்தத் தாயாரிடம் நீங்கள் இன்னும் திரும்பப் போகவில்லை என்றால், போங்கள். "தெரியும்மா. வீட்டிலேயே சொல்லியிருக்கணும், சொல்லாதது தப்பு" என்று சொல்லுங்கள், ஏட்டின் மீது பழியைப் போடாதீர்கள். அவர் உங்களைத் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவருக்கு நீங்களே அவ்வப்போது சொல்லி வாருங்கள். 1993-இல் லண்டனில் கொல்லப்பட்ட ஸ்டீபன் லாரன்ஸ் என்ற இளைஞரின் பெற்றோரைக் காவல் துறை நடத்திய விதத்தை 1999-இல் வெளியான விசாரணை அறிக்கை கடுமையாகக் குறை கூறியது. குடும்பத்தோடு தொடர்பில் இருப்பதற்கென்றே பயிற்சி பெற்ற அதிகாரியை நியமிக்கும் முறை அதன் பிறகு அங்கே வலுப்பெற்றது. நமக்கு அப்படி ஒரு பதவி இல்லாவிட்டாலும், ஒரு குடும்பத்துக்கு ஒரே அதிகாரி என்று உங்கள் ஆய்வாளரிடம் சொல்லி நீங்களே ஏற்றுக்கொள்ள எந்த விதியும் தடையாக இல்லை. உங்களுக்கும் அன்றிரவு தூக்கம் வந்திருக்காது. நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். தொடர்ந்து அலைக்கழித்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இனிக் கடல். இங்கே நான் மேலே சொன்ன விதி அப்படியே பொருந்தாது. ஏனென்றால் இறந்துவிட்டார் என்பது நமக்கே தெரியாது. மறுநாள் காலை கரைக்கு வர வேண்டிய விசைப்படகு வரவில்லை, அல்லது படகு வந்து ஆள் ஒருவர் குறைகிறார். அந்த வீட்டில் இறந்துவிட்டார் என்று சொல்வது எவ்வளவு தவறோ, "எங்காவது கரை ஒதுங்கியிருப்பாரு, இலங்கை நேவி பிடிச்சிருக்கும், பத்திரமா வந்துடுவாரு" என்று தேற்றுவதும் அவ்வளவு தவறு. தெரிந்ததை நேர வரிசையில் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த இறங்குதளத்திலிருந்து படகு போனது, உடன் போனவர்கள் கடைசியாக எங்கே, எப்போது பார்த்தார்கள், மண்டபம் கடலோரக் காவல் படையும் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் ஊர்ப் படகுகளும் எந்தப் பக்கம் தேடுகின்றன. கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டான டோக்கனில் உள்ள பெயர்களோடு, உண்மையில் படகில் ஏறியவர்களைச் சரிபாருங்கள். கடைசி நேரத்தில் ஆள் மாறிப் போவது இங்கே சாதாரணம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அடுத்து எப்போது வருவீர்கள் என்று சொல்லி, அந்த நேரத்தில் போய் நில்லுங்கள், செய்தி ஒன்றும் இல்லாவிட்டாலும். "இன்னும் கிடைக்கலம்மா, தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்று சொல்ல ஒருவர் மாலைதோறும் வருவதற்கும், யாருமே வராமல் பெண்கள் கரையில் உட்கார்ந்து கிடப்பதற்கும் வேறுபாடு பெரிது.

உடல் ஒதுங்கினால், பல நாள் நீரில் கிடந்த முகத்தைக் காட்டி மனைவியிடம் அடையாளம் கேட்காதீர்கள். சட்டை, அரைஞாண், பச்சைக் குத்து, பழைய தழும்பு ஆகியவற்றை முதலில் கேட்டு எழுதிக்கொண்டு ஒப்பிடுங்கள்; ஐயம் இருந்தால் தாயின் இரத்த மாதிரியைக் கொண்டு மரபணுச் சோதனை செய்யலாம். உடல் இலங்கைக் கரையில் கிடைத்தால், அங்கே விசாரணையும் பரிசோதனையும் முடிந்து, சர்வதேசக் கடல் எல்லையில் நம் கடலோரக் காவல் படையிடம் ஒப்படைக்கப்படும்வரை நாட்கள் பிடிக்கும். 2021 சனவரியில் நால்வரின் உடல்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தன. அந்த நாட்கள் எதற்காகப் போகின்றன என்று குடும்பத்துக்குப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

உடலே கிடைக்காத வீடுகளும் உண்டு. ஏழாண்டுகள் எந்தத் தகவலும் இல்லாத ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்றால், அப்படிச் சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது பாரதிய சாட்சிய அதினியத்தின் 111-ஆம் பிரிவு; அதாவது ஏழாண்டு கழிந்த பிறகே சட்டம் அவரை இறந்தவராகக் கொள்ளும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 108-ஆக இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகும் 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகும் அரசு தனியாக ஆணையிட்டு இந்தக் காத்திருப்பைத் தளர்த்தியது. ஒற்றைப் படகு கவிழ்ந்தால் அப்படிப்பட்ட ஆணை தானாக வந்துவிடுவதில்லை. இறப்புச் சான்று இல்லாமல் காப்பீடு இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. மீனவர் விபத்துக் காப்பீட்டில் உள்ள 5 லட்சம் ரூபாய்கூட இழுபறியாகிவிடும். இந்தச் சட்டத்தை முதல் வாரத்தில் அந்தப் பெண்ணிடம் பேசாதீர்கள். அவர் இன்னும் சோற்றை மூடி வைத்துக் காத்திருப்பார், பொட்டை அழிக்கச் சொல்லும் உறவினரோடு சண்டையிட்டுக்கொண்டிருப்பார், அந்த முடிவு அவருடையது. ஆனால் பின்னாளில் அவர் நீதிமன்றத்துக்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ போகும்போது கேட்கப்படும் தாள்களை இப்போதே ஒழுங்காக உருவாக்குங்கள்: காணாமல் போனதற்கான முதல் தகவல் அறிக்கை, டோக்கன் விவரம், உடன் சென்றவர்களின் வாக்குமூலம், தேடுதல் நடந்த நாட்களின் பதிவு. அவற்றின் நகல்களை அவர் கேட்காமலே கொடுங்கள். உங்களுக்கு இடமாறுதல் வந்தால், அடுத்து வரும் அதிகாரியை அந்த வீட்டுக்கு நேரில் அழைத்துப் போய் அறிமுகம் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.